ஐந்து கட்டத்தில் அழுகண்ணி

குறுக்கெழுத்துப் போட்டி என்ற பேச்சை எடுத்தாலே எனக்கு இன்றைக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். யாராவது செய்தித்தாளின் உள்பக்கத்தை மடித்துக்கொண்டு வந்து, "இதுக்கு நாலெழுத்துல என்ன வரும்?" என்று கேட்டால், தெரிந்தாலும் வாயைத் திறப்பதில்லை. திமிர் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். சரியான விடையைச் சொல்லி, சொன்ன குற்றத்துக்காகவே பொய்க்காரி என்று பெயர் வாங்கியவள் நான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. வடமதுரைப் பக்கத்தில் வெள்ளாமை பார்க்கும் ஒரு சம்சாரி வீட்டில் பிறந்து, எஸ்.எஸ்.எல்.சி. தேறி, அந்தச் சூட்டோடு சூடாகத் திண்டுக்கல்லில் ஒரு வெங்காய மண்டிக்காரர் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தேன். மண்டி என் கணவரின் அண்ணனுடையது. என் கணவர் அங்கே எடை பார்ப்பார், மூட்டை ஏற்றி அனுப்புவார், அண்ணன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவார். பெண் பார்க்க வந்த அன்று என் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பிள்ளைக்கு டீச்சர் டிரெய்னிங் படிக்கணும்னு ஆசை. படிக்க வைப்பீகளா?" அண்ணன்காரர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்கென்ன, தாராளமாப் படிக்கட்டும்" என்றார். தாலி ஏறியதும் அந்தத் தாராளம் எங்கே போனதோ தெரியவில்லை. ஆனி மாதம் பயிற்சிப் பள்ளி திறந்தபோது, "இப்பத்தான வந்திருக்கா. அடுத்த வருசம் பாப்போம்" என்றார். அந்த அடுத்த வருஷத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் அந்த வீட்டில் அம்மி அரைத்தேன், தண்ணீர் சுமந்தேன். நகை கேட்கவில்லை, சேலை கேட்கவில்லை. பயிற்சிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் ஊரிலும் உண்டுதான். ஆனால் இங்கே அதில் துளி தளர்வு கிடையாது. தம்பி பெண்டாட்டி, புருஷனின் அண்ணன் முன்னால் நிற்கக் கூடாது. அவரிடம் பேசக் கூடாது. அவர் வீட்டின் முன்கூடமான பட்டாசாலையில் உட்கார்ந்திருந்தால் நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால். அவர் எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் தன் மனைவியிடம் சொல்வார்: "அவள ரசத்துல உப்பைக் குறைக்கச் சொல்லு." கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். இருந்தாலும் அக்கா எழுந்து உள்ளே வந்து, "உப்பைக் குறைக்கணுமாம்" என்று சொல்ல வேண்டும். அவர் மனைவியை, என் ஓரகத்தியை, நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "சரிங்கக்கா" என்று நான் சொன்னதை அவள் திரும்ப எடுத்துக்கொண்டு போய், "சரிங்கிறா" என்று அவர் முன்னால் வைக்க வேண்டும். அந்தப் பதிலையும் அவர் ஏற்கெனவே கேட்டிருப்பார், இடையில் இருந்தது ஒரு பலகைக் கதவுதானே. இதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தார்கள். யாருக்கு யார் கொடுத்த மரியாதை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மூத்தாருக்கு, அதாவது என் கணவரின் அண்ணனுக்கு, ஒரு பைத்தியம் உண்டு. வாரப் பத்திரிகையில் வந்த குறுக்கெழுத்துப் போட்டி. அந்தக் காலத்தில் திண்டுக்கல்லில் பாதிப் பேருக்கு அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. மண்டியில், சலூனில், ரயிலடியில் என்று எங்கே பார்த்தாலும் நாலு பேர் கட்டம் போட்ட காகிதத்தின் மேல் கவிழ்ந்து கிடப்பார்கள். எல்லாக் கட்டத்தையும் சரியாக நிரப்பியவருக்கு அந்த முறை ஒரு ரேடியோ பரிசு என்று அறிவித்திருந்தார்கள். எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் ரேடியோ கிடையாது. மூத்தார் போட்டி முடிவதற்கு முன்பே ஆசாரியை வரவழைத்துப் பட்டாசாலைச் சுவரில் ஒரு பலகை அடித்துவிட்டார். அக்கா அதற்கு ஒரு பூவேலை செய்த உறைகூடத் தைத்து வைத்தாள். ரேடியோ வந்தால் எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்பதுவரை பேசி முடித்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் சாய்வு நாற்காலியில் படுத்து, காதில் செருகிய பென்சிலை எடுத்து, குறிப்புகளை உரக்க வாசிப்பார். என் கணவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "ஆமாண்ணே, அதுதாண்ணே" என்பார். நான் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே காதைக் கொடுப்பேன். தெரிந்ததை அக்காவிடம் சொல்லி அனுப்புவேன். அவள் போய்ச் சொன்னதும் மூத்தார் செத்த நேரம் கூரையைப் பார்ப்பார். பிறகு, "நானும் அதத்தான் நினைச்சேன்" என்று எழுதிக்கொள்வார். இப்படி எத்தனை சொற்களை அவர் நினைத்தார் என்று எனக்கும் அக்காவுக்கும் தெரியும். ரேடியோப் போட்டியின் கட்டங்களிலும் நல்ல பங்கு கதவுக்குப் பின்னாலிருந்து போனவைதான்.

ஒரே ஒரு குறிப்பு மிச்சமிருந்தது. 'இருந்த இடத்தை விட்டு நகராமலே பூச்சி பிடிக்கும்.' ஐந்து கட்டம். அந்தப் போட்டிகளை அமைப்பவர்கள் வேண்டுமென்றே ஒரு குறிப்புக்கு இரண்டு மூன்று சொற்கள் பொருந்தும்படி செய்துவிடுவார்கள். குறுக்கே வெட்டும் எழுத்தும் உதவிக்கு வராது. மூத்தார் தொடையில் தட்டினார்.

"பச்சோந்தி! அஞ்சு எழுத்து. கணக்காப் பொருந்துது பாருடா."

"பொருந்துதுண்ணே," என்றார் என் கணவர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வேட்டைக்குப் போவதுபோல் கிளைமேல் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துப் பச்சோந்தி நகர்வதைப் பார்க்காத பிள்ளை எங்கள் பக்கத்தில் உண்டா? நான் அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, பச்சோந்தி நாக்கை நீட்டுறதுக்கு முன்னாடி நடந்து கிட்டப் போகும். நகராமலேன்னு போட்டிருக்கான்ல? அப்ப அது செடியாத்தான் இருக்கணும். அழுகண்ணின்னு எழுதச் சொல்லுங்க. அதுவும் அஞ்சு எழுத்துதான்."

அக்கா போனாள். "அவ அழுகண்ணிங்கிறா. பூச்சி பிடிக்கிற செடியாம். பச்சோந்தின்னா நடக்குமாம்."

பட்டாசாலையிலிருந்து அப்படி ஒரு சிரிப்பு. "என்னது? செடி பூச்சியைப் பிடிக்குதா? ஏண்டா, வெங்காயத்தைப் பூச்சி தின்னு தீத்துருச்சுன்னு சம்சாரி அம்புட்டுப் பேரும் நம்ம மண்டியில வந்து அழுகிறான். பூச்சியைத் திங்கிற செடி ஒண்ணு இருக்காம்டா! விதை வாங்கி யாவாரம் பண்ணுவமா?" என் கணவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான் விடவில்லை. திரும்பவும் சொல்லி அனுப்பினேன். எங்கள் ஊர்க் கண்மாய் நிரம்பினால் மறுகால் தண்ணீர் வழிந்தோடும் மணல் சரிவில் நானே பார்த்திருக்கிறேன் என்றேன். பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகத்தில் குடுவை மாதிரி ஒரு செடியின் படம் போட்டு, அதுவும் பூச்சி தின்னும் என்று எழுதியிருந்ததையும் சொன்னேன். அக்கா பாவம், எவ்வளவைத்தான் சுமப்பாள்? பாதியைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அதற்குப் பதில் அவள் வழியாக வரவில்லை. அவரே கதவுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கத்தான் டிரெய்னிங் போகணுமாக்கும்? வாயைத் திறந்தாப் பொய். இவளை வாத்தியாராக்கி ஊர்ப் பிள்ளைகளைக் கெடுக்கவா? அந்தப் பேச்சை இதோட விட்டுறச் சொல்லு."

பச்சோந்தி என்று எழுதி, காகிதத்தை உறையில் போட்டு ஒட்டிவிட்டார். என் அடுத்த வருஷமும் அந்த உறையோடு போய்விட்டது. ஒரு செடியின் பெயரைச் சொன்னதற்காக!

அந்தச் செடியைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் சந்தேகப்படுவீர்கள். ஐப்பசி அடைமழை ஓய்ந்து கார்த்திகை, மார்கழியில் மறுகால் சரிவின் ஈர மணலில் அது முளைத்திருக்கும். காலணா அகலம்தான் இருக்கும். தரையோடு ஒட்டிப் படர்ந்து, வட்டமாக அடுக்கிய சின்னக் கரண்டிகள் மாதிரி சிவந்த இலைகள். ஒவ்வோர் இலையிலும் மயிர் மயிராக நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு மயிரின் நுனியிலும் ஒரு துளி. காலைப் பனி என்று நினைப்போம். உச்சி வெயிலிலும் அந்தத் துளி காயாது. விரலை வைத்தால் கோந்து மாதிரி நூல் இழுக்கும். கன்றுக்குட்டிகளை மேயவிட்டுக் குப்புறப் படுத்து நான் பார்த்திருக்கிறேன். சின்ன ஈ ஒன்று வந்து உட்காரும், கால் ஒட்டிக்கொள்ளும், உதறும், மற்ற மயிர்களும் மெதுவாக அதன்மேல் வளைந்து கவியும். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் வெறும் தோலும் றெக்கையும் கிடக்கும். புல்லறுக்க வரும் பெண்கள் அதை அழுகண்ணி என்பார்கள். எப்போதும் கண்ணீர் வடிப்பதால் அந்தப் பெயராம். நான் கண்ணால் கண்டதைப் புத்தகமும் உண்டு என்றது. அப்புறம் என்னைப் பொய்க்காரி என்பதற்கு வெங்காய மண்டி என்ன நியாயஸ்தலமா?

உறை ஒட்டிய அன்று இரவு என் கணவரிடம் கேட்டேன், "நீங்களுமா நம்பல?"

"நீ பொய் சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியாதா? ஆனா அண்ணன்கிட்ட யாரு பேசுறது?"

"நாக்கு இருக்கிறவுகதான் பேசணும். எனக்குத்தான் பேசக் கூடாதுன்னு சட்டம். உங்களுக்குமா?"

அவர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். நம்பிக்கொண்டே சிரித்த மனிதர்! நம்பாமல் சிரித்தவர்மேல் வந்த கோபத்தைவிட எனக்கு இவர்மேல்தான் கோபம் அதிகம் வந்தது.

கார்த்திகைக்கு அப்பா வந்து என்னை ஊருக்கு அழைத்துப் போனார். போன கையோடு நான் மறுகால் சரிவுக்குத்தான் ஓடினேன். கொத்துக் கொத்தாக இருந்தது. பெரிய தேங்காய்ச் சிரட்டை ஒன்றில் ஈர மணலோடு இரண்டு மூன்று செடிகளைப் பெயர்த்து வைத்துக்கொண்டேன். "என்னத்தா இது, சீர்வரிசையா?" என்று அப்பா கேலி செய்தார். "ஆமாப்பா, உங்க சம்பந்தி வீட்டுக்குக் குடுக்க வேண்டிய சீர் இதுதான்" என்றேன். திரும்பும்போது பஸ்ஸில் ஒரே கூட்டம், புழுதி. சிரட்டையை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் கொண்டுவந்து இறக்கியபோது துளி எல்லாம் காய்ந்து, செடி புழுதியில் சுருண்டு கிடந்தது. நாளைக்குக் காட்டலாம் என்று கொல்லையில் வைத்தேன். அதற்குள் செய்தி போய்விட்டது. மூத்தார் சிரட்டையைப் பட்டாசாலைக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டிலிருந்தும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். என் செடி அங்கே, நான் இங்கே. "பஸ் புழுதியில வாடிருச்சு, கொஞ்ச நாள் போகட்டும்னு சொல்லுங்கக்கா" என்று கெஞ்சினேன். யார் கேட்டார்கள்? மூத்தார் ஒரு சுள்ளெறும்பைப் பிடித்து இலைமேல் விட்டார். அது சாவகாசமாக இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்து, சிரட்டை விளிம்பில் ஏறி இறங்கிப் போய்விட்டது.

"செடிக்கு இன்னைக்கு விரதம் போல," என்றார் அவர். அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்தத் தெருவில் எனக்குப் பெயரே 'பூச்சிச் செடிக்காரி' என்று ஆகிவிட்டது. கடைக்குப் போனால்கூடச் சிரிப்பு.

சிரட்டை கொல்லைக்குத் திரும்பியது. மற்றச் செடிகளுக்கு ஊற்றுவதுபோல் கிணற்றுத் தண்ணீரைத்தான் அதற்கும் தெளித்தேன். மறுநாள் இலை ஓரமெல்லாம் கறுத்துவிட்டது. திண்டுக்கல் கிணற்று உப்புத்தண்ணீரில் சோப்பே நுரைக்காது. மறுகாலில் மழைத்தண்ணீர் குடித்து வளர்ந்த செடி எப்படித் தாங்கும்? பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். அந்த ஊரில் நல்ல தண்ணீர் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெருக்குழாய் எப்போது வரும் என்று குடத்தோடு காத்துக்கிடந்து, முடியைப் பிடித்துச் சண்டை போட்டுப் பிடித்துவரும் தண்ணீர் அது. சோறு பொங்கவும் குடிக்கவும் மட்டும்தான். அதில் கைகூடக் கழுவக் கூடாது.

நான் ஊற்றினேன். என் பங்கில் குடிக்க எடுத்த தம்ளரிலிருந்து கொஞ்சத்தை ஊற்றினேன். மூத்தார் கண்ணில் பட்டுவிட்டது. "நல்ல தண்ணிய எடுத்து களைக்கு ஊத்துறாளே, புத்தி பேதலிச்சுப் போச்சான்னு கேளு" என்று பட்டாசாலையே அதிரும்படி கத்தினார். அக்கா வந்து நின்றாள். "களைக்கு ஊத்தல, எனக்கு உள்ளத ஊத்துறேன்னு சொல்லுங்கக்கா. நான் தாகமாக் கிடந்துக்கிறேன்" என்றேன். அதை அவள் போய்ச் சொல்லவில்லை. பேசாமல் போய்க் குடத்தில் தண்ணீர் மொண்டு என் தம்ளரை நிரப்பி வைத்துவிட்டுப் போனாள்.

கொஞ்ச நாளில் கறுத்த இலைக்கு நடுவே புது இலை விட்டது. அதன் மயிர் நுனிகளில் முதல் துளி அரும்பியதைப் பார்த்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில் இல்லை, ஆத்திரத்தில். இது அன்றைக்கே இப்படி இருந்திருக்கக் கூடாதா என்ற ஆத்திரம். ஒரு காலையில் கொல்லையில் அக்கா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சாக்கடையிலிருந்து வந்த குட்டிக் கொசு ஒன்று இலையில் உட்கார்ந்தது. உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். நான் அக்காவின் தோளைத் தொட்டேன். அவள் வெங்காயத்தைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்தாள். கொசு காலை உதறுகிறது. பக்கத்து மயிர்கள் ஒவ்வொன்றாக வளைகின்றன.

"அடி ஆத்தி! இது நெசமாவே பிடிக்குது புள்ள!"

"நான் சொன்னதுதானக்கா."

"நீ சொன்ன. நானும் போய்ச் சொன்னேன். ஆனா நானே நம்பல பாத்துக்க," என்றாள். அக்காவிடம் எனக்குப் பிடித்தது இதுதான். பூசி மெழுகமாட்டாள்.

மத்தியானம் மூத்தாருக்குச் சோறு போடும்போது அவள் விஷயத்தைச் சொல்வது கதவு வழியாக எனக்குக் கேட்டது. "நானே பாத்தேங்க. கொசுவைப் பிடிச்சிருச்சு. வந்து பாருங்களேன்." அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "உனக்கும் தொத்திக்கிருச்சா? ரெண்டு பேருக்கும் சேத்து மந்திரிக்கணும் போல" என்றார். கொல்லைக்கு எழுந்து வரவில்லை. எழுந்து வந்தால் பார்க்க வேண்டியிருக்குமே! அக்கா உள்ளே வந்தபோது அவள் முகம் சுண்டிப்போயிருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் ஒருநாளும் அவரிடம் பொய் சொன்னவள் இல்லை. "என்னையுமா?" என்று மட்டும் சொன்னாள்.

தை பிறந்து விடைகள் வெளியான பத்திரிகை வந்தது. மண்டியிலிருந்து அதைப் பிரிக்காமலே கொண்டுவந்தார் மூத்தார். ரேடியோவை வீட்டில் வைத்துத்தானே வரவேற்க வேண்டும்! என் கணவர் பின்னாலேயே வந்து நிலைப்படியில் நின்றார். நான் அடுப்படியில் சோறு வடிக்கத் தயாராக நின்றேன். அக்கா கதவோரம் பட்டாசாலையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொரு சொல்லாக வாசித்து, தன் நகலோடு ஒத்துப்பார்த்து, "சரி... இதுவும் சரி..." என்று சொல்லிக்கொண்டே வந்தார். குரல் ஏறிக்கொண்டே போனது. பிறகு நின்றது.

"அழுகண்ணி," என்றார்.

மற்ற எல்லாம் சரி. அந்த ஒன்றில் மட்டும் ரேடியோ போய்விட்டது. அந்தப் பத்திரிகையில் ஒவ்வொரு விடைக்கும் கீழே காரணம் எழுதுவார்கள். அதை அவர் வாசித்தார். பச்சோந்தி என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்களாம். ஆனால் பச்சோந்தி நடந்து போய்த்தான் இரையை நெருங்குமாம். குறிப்பில் 'நகராமலே' என்று இருப்பதைக் கவனித்திருந்தால் அது செடிதான் என்று புரிந்திருக்குமாம். ஈரமான மணல் தரையில் வளரும் அழுகண்ணி தன் பசையால் பூச்சி பிடிக்குமாம். வாசித்து முடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"எவ்வளவு நுணுக்கமாச் சொல்லியிருக்கான் பாருடா. படிச்சவன் படிச்சவன்தான்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான் சொன்னதுதான் அது! ஒரு வார்த்தை முன்னே பின்னே இல்லாமல், பாத்திரம் கழுவிய கையோடு நான் சொல்லி அனுப்பியது. அடுப்படியிலிருந்து வந்தபோது அது புளுகு. மெட்ராஸிலிருந்து அச்சில் வந்தபோது நுணுக்கம். இதுவே பெரிய அநியாயம். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. காலிப் பலகையை அண்ணாந்து பார்த்தார். யார்மேலாவது பழியைப் போட்டாக வேண்டுமே.

"அவகிட்டக் கேளு," என்று அக்காவிடம் கத்தினார். "இம்புட்டும் தெரிஞ்சவ அடிச்சுச் சொல்லியிருக்க வேண்டாமா? எங்கிட்ட நேர்ல வந்து, இது இன்னதுன்னு எடுத்துச் சொல்லியிருந்தா நான் எழுத மாட்டேன்னா சொல்லப் போறேன்? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தா? அவளால ஒரு ரேடியோ போச்சு!"

நேரில் வந்து! எந்த வாய் அவர் முன்னால் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்களோ, அந்த வாய் ஏன் திறக்கவில்லை என்று கேட்கிறார். சோற்றுப் பானையை அப்படியே விட்டேன். வடிதட்டு கையில் இருந்தது. அதையும் கீழே வைக்கத் தோன்றவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு பட்டாசாலைக்குள் போய் அவர் நாற்காலிக்கு எதிரே நின்றேன். அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஒரு நாளாவது கூப்பிட்டிருந்தால்தானே தெரியும்? அதனால் எந்த முறையும் சொல்லாமலே ஆரம்பித்தேன்.

"சொன்னேன். செடின்னு சொன்னேன். பச்சோந்தி நடக்கும்னு சொன்னேன். இப்ப வாசிச்சீகளே, அம்புட்டும் நான் சொன்னதுதான். அக்கா மூலமாச் சொன்னேன், ஏன்னா நேர்ல சொல்லக் கூடாதுன்னு வச்சது நீங்க. செடியையே கொண்டாந்து காட்டினேன். பொய்க்காரின்னீக. சரி, இப்ப நேர்லயே சொல்றேன். ஆனி மாசம் நான் டிரெய்னிங் போறேன். எங்கப்பாகிட்ட நீங்க குடுத்த வாக்கு அது."

என் குரல் நடுங்கியது. பயத்தில் என்று அவர் நினைத்திருக்கலாம். பயம் இல்லை, அடக்கி வைத்த கோபம் ஒரேயடியாக வந்தால் குரல் அப்படித்தான் ஆகும்.

மூத்தார் பத்திரிகையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். என்னைப் பார்க்கக் கூடாதல்லவா! காகிதத்துக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது: "இவள உள்ள போகச் சொல்லு. அதெல்லாம் ஒரு இடத்துக்கும் போக வேண்டாம்னு சொல்லு."

அக்கா எழுந்திருக்கவில்லை. உரித்த வெங்காயத்தைச் சட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"அவ இங்கனதான நிக்கிறா. நீங்களே சொல்லுங்க."

"என்னடி சொன்ன?"

"நான் சொன்னாத்தான் உங்களுக்குப் பொய்யாப் படுதே. இனிமே நான் ஒண்ணையும் கொண்டுபோய்ச் சேக்க மாட்டேன். வேணாம்னா அவகிட்ட நேரா சொல்லுங்க."

பத்திரிகை ஒரு பக்கம் தாழ்ந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. நிலைப்படியில் நின்ற தம்பியைப் பார்த்தார். "டேய், நீ சொல்லுடா." என் கணவர் தன் கால் விரல்களைப் பார்த்தார். தலையாட்டவில்லை. வாயையும் திறக்கவில்லை. அண்ணன் சொல்லி அவர் தலை ஆடாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்ப்பது என் தப்பு. நான் உள்ளே போய்க் குழைந்துபோன சோற்றை வடித்தேன். அன்று எல்லாரும் அதைத்தான் சாப்பிட்டார்கள். உப்பைப் பற்றியோ குழைந்ததைப் பற்றியோ எனக்கு எந்தச் சேதியும் வரவில்லை.

மாசி வெயிலில் அந்தச் செடிகள் பட்டுப்போய்விட்டன. அவற்றின் ஆயுசு அவ்வளவுதான். காலிப் பலகையில் அக்கா சீப்பும் கண்ணாடியும் வைத்துக்கொண்டாள். மூத்தார் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, கடைசிவரை சொல்லவில்லை. அதை நான் மறக்கவும் இல்லை.

ஆனி மாதம் பயிற்சிப் பள்ளி திறந்த அன்று காலையில் குளித்துத் தலைசீவி, பையை எடுத்துக்கொண்டு, கொல்லை வழியாகப் போகாமல் பட்டாசாலை வழியாகவே நடந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா என்னோடு வாசல்வரை வந்தாள். என் கணவர் தெருவில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நிலைப்படியைத் தாண்டும்வரை பின்னால் மூத்தார் தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. போகாதே என்று சொல்ல அவருக்கு ஆள் கிடைக்கவில்லை.